வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

கிராமத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் காகித விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, புலப்பட நகல் என எதையும் விடுவதில்லை. வக்கீலிடம் ஒரு தடவை, தெரிந்த கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு தடவை காட்டிவிடுகிறார்கள். சர்வேயரைக் கூட்டிவந்து நாலு மூலைக்கும் கல் பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் தரகர் கிணற்றடிக்கு அழைத்துப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு நீட்டுவார். "குடிச்சுப் பாருங்க சார், இளநி தோத்துடும்." குடித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். தண்ணீரைப் பற்றிய விசாரணை அத்துடன் முடிந்துவிடும். கூட வந்தவர்களில் யாராவது சந்தேகம் கிளப்பினால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: "தண்ணிதானே சார், ஒரு ஆர்.ஓ. போட்டா முடிஞ்சது."

இந்த ஒரு வரியை நான் பத்துப் பதினைந்து வருஷமாகக் கேட்டு வருகிறேன். தரகர் மட்டும் சொல்வதில்லை. படித்த வக்கீல் சொல்கிறார், கட்டட என்ஜினீயர் சொல்கிறார், ஏற்கெனவே பண்ணை வீடு வாங்கியவர் அனுபவஸ்தராக நின்று சொல்கிறார். நிலமும் கட்டடமும்தான் சொத்து, தண்ணீர் அதில் பிற்பாடு பொருத்திக்கொள்ளும் ஒரு வசதி, மின்விசிறி மாதிரி, என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் எண்ணம். இது தவறு. ஊர்க்கோடித் தோட்டத்து வீட்டில் கிணறுதான் சொத்தின் பாதி. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முன்பணம் கொடுப்பது, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பதற்குச் சமம்.

முதலில் அந்தச் சொம்புத் தண்ணீர். உப்பையும் கரிப்பையும் இரும்பு வாடையையும் நாக்கு கண்டுபிடிக்கும். ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் ஆர்செனிக்கையும், குடிநீரில் பிரச்சினை தரும் அளவில், கண்டுபிடிக்காது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நல்ல தண்ணீர்ச் சோதனை ஒன்று உண்டு: பருப்பு சீக்கிரம் வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா. இந்தச் சோதனை சொல்வது தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் குறைவு என்பதை மட்டும்தான். ஃபுளோரைடு விஷயத்தில் இது நம்மை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோய் விடக்கூடும். கால்சியம் மிகுந்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியாது. கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்மையான தண்ணீரில்தான் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். கருங்கல் பாறை நிலத்தில், ஆழத்தில், பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீருக்கு இந்தக் குணம் வருகிறது. பருப்பை நன்றாக வேகவைக்கும் அதே தண்ணீர் பிள்ளைகளின் பல்லைக் கெடுப்பதாக இருக்கலாம்.

என் ஒன்றுவிட்ட அண்ணன் ஓய்வுபெற்றதும் தருமபுரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒரு ஏக்கர் தோட்டத்தோடு ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். பழைய வட்டக்கிணறு வற்றிப்போய், அதன் பக்கத்திலேயே போர் போட்டிருந்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அண்ணி அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றைப் பற்றிப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். குடிக்க ஆர்.ஓ. மெஷினும் வைத்திருந்தார்கள். மகளுக்குச் சென்னையில் வேலை என்பதால் இரண்டு வயதுப் பேத்தி அவர்களிடம் வளர்ந்தாள். ஏழு வயதில் அவளுக்கு நிலைப்பற்கள் முளைத்தபோது முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. பிறகு அந்தக் கோடுகள் பழுப்பேறின. பல் மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்த் தண்ணி?" அதற்கப்புறம்தான் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தார்கள். ஃபுளோரைடு அனுமதித்த உச்ச அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மெஷினுக்குள் இருந்த மெம்பிரேன் மூன்று வருஷமாக மாற்றப்படவில்லை. சமையலும் பல் துலக்குவதும் போர்த் தண்ணீரில். அண்ணன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவர். இது அவருடைய அறிவின் குறை இல்லை. வீடு வாங்கும்போது தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க எல்லையாக வைக்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் போனால் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், எனாமலில் தழும்பு விழுகிறது. பல வருஷங்கள் மிக அதிக அளவில் உடம்பில் சேர்ந்தால் எலும்பு கெட்டித்து, மூட்டு இறுகி, முதுகு குனிய மறுக்கும். அந்தத் தழும்பும் அந்த இறுக்கமும் திரும்பிப் போவதில்லை. இது புதுச் செய்தியும் அல்ல. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்நோயை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இந்தியாவில் இது கிணற்றுத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று நிறுவியது இந்தத் தென்னாட்டு மண்ணிலிருந்துதான்.

"அப்ப இந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா குடிக்கலையா?" என்பது அடுத்த வாதம். கேட்பதற்கு உறுதியாக ஒலிக்கும் வாதம். இரண்டு உண்மைகளை அது மறைக்கிறது. முதலாவது, தாத்தா குடித்த தண்ணீர் வேறு, நீங்கள் குடிக்கப் போகும் தண்ணீர் வேறு. அவர் முப்பது நாற்பதடி வட்டக்கிணற்றில் கமலை கட்டி இறைத்தார். மழை பெய்தால் ஊறும், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் மேல்மட்ட நீர் அது. இன்றைய போர் எழுநூறு எண்ணூறு அடியில் பாறைப் பிளவுகளுக்குள் பல காலம் கிடந்த நீரை எடுக்கிறது. ஒரே தோட்டத்தில் இரண்டு கிணறு, இரண்டுக்கும் இரண்டு குணம். இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை விட்டு வெகுநாள் ஆகிவிட்டிருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அரசு நிறைவேற்றி 2013-ல் தொடங்கிவைத்தது. அத்திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஊருக்குள் தெருக்குழாயில் காவிரி வருகிறது. பட்டணத்திலிருந்து போகிறவர்கள் வாங்குவதோ ஊருக்குள் நத்தத்தில் இருக்கும் வீட்டை அல்ல. அமைதி வேண்டும், மரம் வேண்டும் என்று ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டை வாங்குகிறார்கள். குழாய் அங்குவரை போயிருக்காது. ஊர் கைவிட்ட தண்ணீரை, ஊரைச் சாட்சி வைத்து, இவர்கள் குடிக்கத் தொடங்குகிறார்கள். ஊர்க்காரரிடம் "இந்தத் தண்ணி நல்லதா?" என்று கேட்காதீர்கள். "நீங்க எந்தத் தண்ணியில சோறாக்குறீங்க?" என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்.

சோதித்தோம் என்று சொல்கிறவர்களிலும் பாதிப்பேர் சோதித்தது பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரால். அதைத் தண்ணீரில் நட்டால் ஒரு எண் காட்டும். கரைந்திருக்கும் உப்புகள் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று பார்த்து, மொத்த உப்பு இவ்வளவு இருக்கும் என்று கணித்துச் சொல்வதுதான் அதன் வேலை. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. மொத்த உப்பு 500-க்குக் கீழே உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு 3 இருக்கலாம். மொத்த உப்பு 900 உள்ள தண்ணீரில் அது அரை மில்லிகிராம்கூட இல்லாமல் இருக்கலாம். மலத்தொற்றுக் கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் மீட்டரின் எண் மாறாது. மெஷின் விற்க வருகிறவர்கள் செய்து காட்டும் இன்னொரு வித்தையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு டம்ளர்களில் தண்ணீர், ஒன்றில் உங்கள் கிணற்று நீர், இன்னொன்றில் மெஷின் நீர். கம்பி பொருத்திய பெட்டியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். கிணற்று நீர் சேறாகக் கறுத்துப்போகும், மெஷின் நீர் தெளிவாக நிற்கும். வீட்டுப் பெண்கள் பதறிப்போவார்கள். அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வரவில்லை. பெட்டியின் இரும்புக் கம்பி மின்சாரத்தில் அரித்துக் கரைந்த துரு அது. உப்பு இருக்கும் எந்தத் தண்ணீரிலும், மிக நல்ல தண்ணீரிலும், அது வரும். உப்பு நீங்கிய தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாததால் கம்பி அரிக்காது. நல்ல தண்ணீரைக் கெட்டதாகக் காட்டவும், கெட்ட தண்ணீரில் உண்மையில் என்ன கெடுதல் என்று கேட்கவிடாமல் செய்யவும் இந்த வித்தை போதும்.

சரி, மெஷினைப் பற்றி நேராகவே பேசுவோம். ஆர்.ஓ. பயனற்ற கருவி என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல நிலையில் இருக்கும் மெம்பிரேன் ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கும், நைட்ரேட்டையும் கணிசமாகக் குறைக்கும். நான் மறுப்பது "போட்டா முடிஞ்சது" என்பதை. போட்டால் அன்றுதான் வேலை தொடங்குகிறது. கடினநீர் மெம்பிரேனில் சுண்ணாம்பாகப் படிந்து அதை அடைக்கும். இரும்பு இன்னும் சீக்கிரம் அடைக்கும். மெம்பிரேன் பழுதானால் தண்ணீர் நின்றுவிடாது, வந்துகொண்டேதான் இருக்கும், பார்வைக்கும் ருசிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பட்டணத்தில் கூப்பிட்டால் மறுநாள் ஆள் வருவான். தாலுகா தலைநகரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிய தோட்டத்துக்கு யார் வருவார்கள்? வந்தாலும் கையில் கொண்டுவருவது அதே டி.டி.எஸ். பேனாதான். அண்ணன் வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரர் மூன்று வருஷமும் அந்தப் பேனாவை நட்டுப் பார்த்து "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்து, மெஷின் கழித்து வெளியே தள்ளும் நீர். வீட்டு மெஷின்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகின்றன. நீங்கள் குடிக்காமல் தப்பிய ஃபுளோரைடும் உப்பும் அதில் செறிந்து இருக்கின்றன. அதைத் தோட்டத்தில் வாழைக்கோ, கிணற்றடி உறிஞ்சுகுழிக்கோ விடுகிறார்கள். அது இறங்குவது அதே நிலத்தடிக்குள். கிணற்றுக்குள் நீர் குறைவாக இருக்கும் சித்திரை வைகாசியில் மூன்று பங்கைக் கொட்டி ஒரு பங்கைக் குடிப்பது எப்படிப்பட்ட தீர்வு?

"குடிக்க மட்டும் கேன் வாங்கிக்கலாம்" என்பதும் இதே வகைச் சமாதானம். குடிப்பது என்றால் டம்ளரில் ஊற்றிக் குடிப்பது மட்டும் என்று நினைக்கிறோம். நம் சாப்பாடு தண்ணீரில் வேகிற சாப்பாடு. கஞ்சியை வடித்தாலும் அரிசி உறிஞ்சிய நீர் சோற்றில் இருக்கிறது. குக்கரில் வைத்தால் ஊற்றிய நீரெல்லாம் சோற்றுக்குள்ளேயே போகிறது. குழம்பு, ரசம், கூழ், காபி, இட்லி மாவு என்று ஒரு நாளில் ஒருவர் வயிற்றுக்குள் போகும் சமையல் நீர் கொஞ்சநஞ்சமல்ல. கொதிக்க வைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அவற்றின் செறிவு கூடும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த இடம் உயிர் விஷயம். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் ஓர் உண்மையை வெளியிட்டார்: பண்ணை வீடுகளில் கிணற்று நீரில் பால்பவுடர் கரைத்துக் குடித்த சிசுக்கள் நீலம் பாரித்துப்போனதற்கு அந்த நீரின் நைட்ரேட்தான் காரணம். ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை அது சிசுக்களிடம் பறித்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். இந்தியத் தரநிலை நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று வைத்து, வேறு நீர் இல்லை என்ற காரணத்துக்காகக்கூடத் தளர்வு தரவில்லை. யூரியா அள்ளிப் போட்ட வயல், சாணக் குழி, கக்கூஸ் குழி, இம்மூன்றில் ஒன்று அருகில் இல்லாத கிணறு நம் கிராமங்களில் எத்தனை?

கக்கூஸ் குழி பற்றி இன்னொரு வார்த்தை. வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டின் செப்டிக் டேங்க் எங்கே என்றுகூடக் கேட்பதில்லை, பக்கத்து வீட்டுடையது எங்கே என்று கேட்பது இருக்கட்டும். கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. பிளவுபட்ட பாறை நிலத்தில் அந்த இடைவெளியும் போதாது. பிளவு ஓடும் திசையில் கழிவு வெகுதூரம் போகும். மெச்சத்தக்க அகலமான மனை என்று வாங்கியவர், பக்கத்துக்காரரின் குழி தன் கிணற்றுக்கு எட்டே மீட்டரில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் குடியேறிய பிறகு தெரிந்துகொள்கிறார்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். கிருமித்தொற்று, குழியை விலக்கினாலோ சுவர் பூசினாலோ தீரக்கூடிய கோளாறு. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, மேலே வலையோ மூடியோ போட்டு, மழைத்தண்ணீர் ஓடிவந்து விழாதபடி சுற்றிலும் தளம் கட்டி, தூர் வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டால் பெரும்பாலான கிணறுகளை மீட்டுவிடலாம். கணக்கும் எளிது: நல்ல பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம். பத்தடி அகலக் கிணற்றில் பதின்மூன்றடித் தண்ணீர் நின்றால் சுமார் 29,000 லிட்டர், அதற்கு ஏறத்தாழ 72 கிராம் போதும். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு மண்டி தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் இரவில் ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். இதை எழுதக் காரணம், "கெட்ட தண்ணீர்" என்ற ஒரே சொல்லால் எல்லாக் கிணற்றையும் ஒதுக்குகிறவர்களும் தவறு செய்கிறார்கள் என்பதுதான். இரும்பு மிகுந்த நீரைக் கண்டு மிரண்டு நல்ல வீட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். குடத்தில் பிடித்து வைத்தால் மணி நேரத்தில் செம்பழுப்பாகும் அந்த நீரைக் காற்றில் பொழியவிட்டு, மணல் வழியே இறக்கினால் இரும்பு தங்கிவிடும். கடினநீரும் பாத்திரத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஆளைக் கெடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற கேட்டுக்கு அஞ்சி, தெரியாத கேட்டைக் கைகூப்பி வரவேற்பதுதான் நடக்கிறது. எந்த மாசு என்று பெயர் தெரிந்தால்தான் எது தீரும், எது தீராது என்று சொல்ல முடியும். "ஆர்.ஓ. போட்டா முடிஞ்சது" என்ற வாக்கியம் அந்தப் பெயரைக் கேட்கவே விடுவதில்லை.

தீராத வகையும் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு என்று மாணவர்கள் படிக்கிறார்கள். வீடு வாங்குகிறவர்கள் படிக்க வேண்டியது அதில் வரும் ஒரு கணக்கை. திண்டுக்கல் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு அது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாலில் மூன்று. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து, மழைக்கு மழை நிலத்தில் இறங்கிய கதையை அந்தப் பகுதிக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, சாய நீரின் தேக்கமாக மாறியது. இப்படிப்பட்ட நிலங்களில் மனை மலிவாகக் கிடைக்கும். மலிவு என்றால் ஏன் என்று கேட்பவன் தப்புகிறான். ஆறுமதிப்புக் குரோமியம் ஏறிய நீரில் குளித்தால் தோலே புண்ணாகலாம். குடிநீருக்கு மெஷின் வைப்பீர்கள். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட, கீரைப் பாத்திக்குப் பாய்ச்ச எந்த மெஷினை வைப்பீர்கள்? இந்த வகைக் கிணறு உள்ள வீட்டுக்கு என் தீர்ப்பு ஒன்றே: வாங்காதீர்கள்.

கடலோரத்துக்கு ஒரு சொல். மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் உள்ளேறியது 1969-லேயே கண்டறியப்பட்டது. கடலோரத்தில் எங்கே அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் இது நடக்கும். உப்புத் தண்ணீர் என்பதை நாக்கே சொல்லிவிடும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை என்று தோன்றும். ஏமாறுகிற இடம் வேறு. அந்த வீட்டைக் கட்டியதே அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தானே? கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கட்டுமானத் தரநிலை. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பத்து இருபது வருஷத்தில் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். புது வெள்ளை அடித்து வைத்திருப்பதால் வாங்குகிறவருக்குத் தெரியாது. கிணற்று நீரின் சோதனைத் தாள் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, சுவரைப் பற்றியும் பேசுகிறது.

இனி, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவில் விற்பவருக்கு ஒரு கடமை விதிக்கிறது. சொத்தில் முக்கியமான குறை ஏதாவது தனக்குத் தெரிந்திருந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே வாசகத்தில் ஒரு தடையும் இருக்கிறது: வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. மாவட்டத் தலைநகரிலேயே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். இந்த நிலையில் சோதிக்காமல் வாங்கியவர் "எனக்குத் தெரியாது" என்று நிற்பது பலவீனமான நிலை. விற்றவருக்கும் அந்தக் குறை தெரிந்திருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை வேறு. பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திருக்காது என்பதே உண்மை. நம் கிரயப் பத்திரங்கள் கிணற்றைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாக எழுதுகின்றன! நாலில் ஒரு பாகம், இறவைப் பாத்தியம், மோட்டார், மின் இணைப்பு, வாய்க்கால் தடம், முறை வைத்து இறைக்கும் நாள் எல்லாம் வரும். உள்ளே இருக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் வராது.

தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால் விற்பவர் மனம் புண்படும், மரியாதையாக இருக்காது என்று தயங்குகிறவர்களும் உண்டு. இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. தோட்டத்தை விற்கிறவர் பலசமயம் மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ விற்கும் விவசாயி. அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர் கிணற்றைச் சந்தேகிப்பது கஷ்டம்தான். ஆனால் வில்லங்கச் சான்று கேட்டபோது அவர் கோபித்துக்கொண்டாரா? ஒரு காலத்தில் அதுவும் அவமதிப்பாகத்தான் தோன்றியிருக்கும். இன்று வழக்கமாகிவிட்டது. எல்லோரும் கேட்டால் இதுவும் வழக்கமாகும். சோதனை முடிவைக் காட்டி அந்த மனிதரின் தலையில் கைவைத்து விலையைச் சரிபாதியாக அடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கேடு தீர்க்கக்கூடியதென்றால் தீர்க்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, இருவரும் உட்கார்ந்து பேசி விலையில் சரிசெய்துகொள்ளலாம். அந்தத் தாள் அவருக்கும் பயன்படும். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில்தானே வளர்ந்தார்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே, மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் நிறைத்து மூடுங்கள். ஃபுளோரைடு பார்க்கக் கண்ணாடி பாட்டில் கூடாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் சுத்திகரித்த பாட்டிலில் தனியாகப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட், குளோரைடு, மொத்த உப்பு, கடினத்தன்மை, இரும்பு, மலத்தொற்று ஆகியவற்றைக் கேளுங்கள். ஆலைகள் இருந்த பகுதியானால் குரோமியம், ஈயம் முதலிய உலோகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். வட்டக்கிணறும் போரும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு முறை பார்க்க முடிந்தால் உத்தமம், ஏனென்றால் உப்பின் செறிவு கோடையிலும் மலத்தொற்று மழைக்குப் பின்னும் கூடுவது வழக்கம். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்ளலாம்: தண்ணீரின் சோதனை முடிவு இன்ன அளவைத் தாண்டினால் முன்பணம் திரும்பத் தரப்படும். பத்திரம் எழுதுபவர் "இப்படியெல்லாம் யாரும் எழுதுறதில்ல" என்பார். எழுதச் சொல்லுங்கள்.

தனிமனிதர் கவனத்தோடு இது நின்றுவிடவும் கூடாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2002 செப்டம்பரிலிருந்து, சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் வீடு கைமாறும்போது தண்ணீரைச் சோதித்தே ஆக வேண்டும். முடிவை விற்பவர், வாங்குபவர் இருவரும் பார்த்ததாகக் கையெழுத்திட்ட பிறகுதான் கிரயம் முடியும். தண்ணீர் கெட்டிருந்தால் விற்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, தெரிந்து வாங்கு என்றுதான் சொல்கிறது. நம் பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பு பார்க்கிறது, மனையின் புகைப்படத்தையும் கேட்கிறது. கிணறோ போரோ உள்ள குடியிருப்புச் சொத்தின் பத்திரத்தோடு ஆறு மாதத்துக்குள் எடுத்த தண்ணீர்ச் சோதனைத் தாள் ஒன்றையும் இணைக்கச் சொல்லித் தமிழ்நாடு அரசு ஆணையிட வேண்டும். ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, தரநிலை இருக்கிறது, புதிதாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

அந்த ஆணை வரும்வரை, அடுத்த முறை கிணற்றடியில் உங்களிடம் சொம்பை நீட்டினால் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையோடு கொண்டுபோன கேனை நிறைத்துக்கொள்ளுங்கள்.